குளத்துக்கு மருந்து கொடுத்த பாயம்மா

தாஜுன்னிசா எந்தத் தண்ணீரையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளுவாள், மூக்குக்குக் கொண்டுபோவாள், பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்து, வழவழக்கிறதா சொரசொரக்கிறதா என்று பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பேச்சு. நீச்சல்குளம் என்றில்லை, கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனாலும் இதே வேலைதான். போன பெருநாளன்று சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனவள், வாஷ்பேசின் குழாயைத் திறந்து முகர்ந்துவிட்டு, அந்த வீட்டம்மாளிடம், "ஏனுங்கக்கா, மேல்தொட்டியக் கழுவி எத்தன நாளாச்சு?" என்று கேட்டுவிட்டாள். அந்தம்மா சிரித்து மழுப்பினாள். பந்தியில் இவள் தட்டில் மட்டும் எலும்பாகப் பார்த்து விழுந்தது.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். குள்ளமான உருவம், கேன் தூக்கித் தூக்கி அகன்றுபோன தோள்கள். கறுப்புப் பர்தாவின் முன்பக்கமெல்லாம் செம்பட்டைப் புள்ளிகள். ஹைப்போ என்று அந்தத் தொழிலில் சொல்லப்படும் குளோரின் திரவம் தெறித்த இடங்கள் அவை. கறுப்புத் துணியில் அது வெள்ளையாக வெளுக்காது, துரு ஏறினாற்போல் ஒரு நிறத்தில் நின்றுவிடும். "புதுசு ஒண்ணு எடுத்துக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால், "புதுசு மேலயும் தெறிக்கத்தானுங்க போகுது. அது பாவம், எதுக்கு?" என்பாள்.

விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. மருந்து தின்றுவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அவளை ஒப்புக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்து, துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்து, கடைசியில் கடைக்காரர் கையை விரிப்பார். புருஷன் ரசாக் வந்து விரலை வைத்தால்தான் அரிசி. "நான் உசுரோட இருக்கறேன்னு எங்கூட்டுக்காரர் வந்து சொல்லணுமுங்க" என்பாள், வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து.

குளத்தில் போடும் எதையும் அவள் கெமிக்கல் என்று சொன்னதில்லை. மருந்து என்றுதான் சொல்வாள். நீச்சல்குளத்துத் தண்ணீரை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. அதே தண்ணீரில்தான் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வாரக்கணக்கில் இறங்கி ஏறும். கிருமி சாகக் குளோரின், அதன் காரத்தை அடக்க ஆசிட், கலங்கல் அடியில் படியப் படிகாரம், பாசி பிடித்தால் கொஞ்சம் மயில்துத்தம். முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த உக்கடத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அவள் கடை. அவள் அத்தா என்று கூப்பிடும் தகப்பனார், திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளுக்கு ஹைப்போ போட்டுக்கொண்டிருந்தவர். பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்த காலத்தில், நிறைந்த கேன்களைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "குளத்துக்கும் இதத்தானுங்களேத்தா ஊத்தறாங்க?" என்று கேட்டு, தானே ஒரு நடை போய் நாலு இடத்தில் விசாரித்து வந்து வியாபாரத்தைத் திருப்பியவள் இவள்தான். ரசாக் லோடு ஆட்டோ ஓட்டுவார். அதிகம் பேச மாட்டார். ஹைப்போ வாடைக்கு அவருக்குக் கண்ணில் நீர் வடியும் என்பதால், எந்தக் குளத்துக்குப் போனாலும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொள்வார்.

குளங்களைப் பற்றி நோயாளிகளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவாள். "ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிக்கூடத்துக் குளத்துக்குச் சளி கட்டியிருக்குது" என்றால் ஓரத்தில் பாசி என்று அர்த்தம். "அதுக்கு வயிறு சரியில்ல" என்றால் அடித்தண்ணீர் கலங்கியிருக்கிறது. குளித்துவிட்டுக் கண் சிவந்து வரும் பிள்ளைகளைக் காட்டி, மருந்து அதிகமாகிவிட்டது என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். "மருந்து ஜாஸ்தியாகலீங்க, அம்மணி. உள்ள எறங்குன பசங்க உள்ளயே ஒண்ணுக்குப் போயிருக்காங்க. அது மருந்தோட மல்லுக்கட்டுது. அதான் நாத்தம், அதான் எரிச்சல்." தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை குளங்களுக்கு மருந்து கொடுத்தவள், ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. நீச்சலும் தெரியாது.

இதெல்லாம் போன வருஷம் சித்திரை வரைக்கும்.

உடுமலைப்பேட்டைக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள் திருமலைசாமி ஒரு நீச்சல்குளம் கட்டியிருந்தார். தேங்காயில் சம்பாதித்த குடும்பம். தோப்பில் ஒரு மூலையை வழித்து, பெரியவர்களுக்கு ஒன்று, சிறுபிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு குளம், பக்கத்தில் பிறந்தநாள் விழாவுக்கு ஒரு ஹால். மணிக்கு இவ்வளவு என்று டிக்கெட் கிழித்து உள்ளே விடுவார்கள். திருமலைசாமி மரியாதையான மனிதர். தாஜுன்னிசா வண்டியிலிருந்து இறங்கினால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். "வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க, முதல்ல எளநி குடிங்க" என்பார். பேச்சில் ஒரு 'ங்க' குறையாது.

அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். "ஏனுங்க அம்மணி, குளோரினுக்கு ஒரு நடை, ஆசிட்டுக்கு ஒரு நடைன்னு எதுக்கு அலையறீங்க? ரெண்டையும் ஒண்ணா எறக்கிப்போட்டுப் போயிருங்களேன்."

"வேண்டாமுங்ணா. அது ரெண்டும் மாமியாளும் மருமவளுமுங்க. ஒரே ஊட்டுல இருந்துக்கும். ஒரே ரூம்புல வெச்சா ஆளக் கொன்னுபோடும்."

திருமலைசாமி வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் தாஜுன்னிசா விடவில்லை. ஆசிட் கேன்களைக் குளோரின் இருக்கும் பம்ப் ரூமில் இறக்காமல் தோப்பின் மறுகோடியில் இருந்த கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பாள். கேன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிடுவாள். அங்கே குளம் கூட்டித் துடைக்கும் மாசாணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்காகத்தான் அந்தத் துணி.

மாசாணி பக்கத்து ஊர்க்காரி. புருஷன் இல்லை, ஒரே மகன், தீபக். கொஞ்ச நாள் மில்லுக்குப் போவான், கொஞ்ச நாள் சும்மா இருப்பான். தாஜுன்னிசா சரக்கு இறக்க வரும்போதெல்லாம் மாசாணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து கேனின் மறுபக்கத்தைப் பிடிப்பாள். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, மாசாணி கொண்டுவந்த கம்மங்கூழோ தாஜுன்னிசா கட்டி வந்த இடியாப்பமோ, எது இருக்கிறதோ அதைப் பங்கு போடுவார்கள். "பாயம்மா, உங்க கையில ஒரு வாடை இருக்குது பாருங்க, அது எனக்கு ஆசுபத்திரி மாதிரித் தெம்பா இருக்குது" என்பாள் மாசாணி. தாஜுன்னிசாவின் கையைப் பார்த்து அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

முழுப்பரீட்சை லீவு. குளத்தில் கூட்டம் தாங்கவில்லை. அன்றைக்கு உடுமலைக்காரர் ஒருவர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஹாலையும் குளத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தார். மருந்து போடும் மோட்டார்க்காரர் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போயிருந்தார். தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கிடந்தது. விழாவுக்கு நாற்காலி அடுக்க இடம் வேண்டும் என்று, மேனேஜர் வரதராஜுலு கொட்டகையில் இருந்த ஆசிட் கேன்களை முந்தின நாளே பம்ப் ரூமுக்குள் தள்ளிவிட்டிருந்தார். ஆட்கள் தூக்கிப் போட்டதில் சிவப்புத் துணி அவிழ்ந்து எங்கோ விழுந்துவிட்டது. கார்கள் வர ஆரம்பித்தபோது அவர் மாசாணியைக் கூப்பிட்டு, இரண்டு மருந்தையும் ஒரே பக்கெட்டில் கலந்து ஊற்றச் சொன்னார்.

"ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு பாயம்மா சொல்லியிருக்காங்க சார்."

"உனக்குச் சம்பளம் பாயம்மாவா போடறாங்க? ஜனம் வந்துட்டிருக்குது. ஊத்தும்மா."

மாசாணி ஊற்றினாள். பக்கெட்டிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. அது மேலே போகவில்லை. தரையோடு தவழ்ந்து, அறைக்குள் நிறைந்து, சன்னல் வழியாகச் சிறுபிள்ளைகள் குளத்தின் மேல் கவிந்தது. தண்ணீரில் இருந்த பிள்ளைகள் இருமிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் கரையேறினார்கள். மாசாணியைப் பம்ப் ரூமிலிருந்து காலைப் பிடித்துத்தான் இழுத்தார்கள்.

யாரும் சாகவில்லை. பிள்ளைகள் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனார்கள். மாசாணியின் நுரையீரல் மட்டும் வெந்துபோயிற்று.

சேதி வந்தபோது தாஜுன்னிசா ஆர்.எஸ்.புரத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்கியது பாதி, இறக்காதது பாதியாக அப்படியே வண்டியைத் திருப்பச் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில் மாசாணி முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தாள். தாஜுன்னிசாவைக் கண்டதும் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "நான் சொன்னேன் பாயம்மா. சேக்கக் கூடாதுன்னு சொன்னேன். வரதராஜு சார்தான்..." என்று நடந்ததை எல்லாம் துண்டுதுண்டாகச் சொன்னாள்.

"பேசாதே. மூச்ச விடு" என்று மாஸ்க்கைத் தூக்கி மாட்டினாள் தாஜுன்னிசா. பொழுது சாயும்வரை அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை.

மறுநாள் போனால் கட்டில் காலி. திருமலைசாமி தன் செலவில் மாசாணியைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார் என்றார்கள். அங்கே போனாள். வாசலில் வரதராஜுலு நின்றிருந்தார். "யாரையும் பாக்க உடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசுங்க" என்று கைகூப்பினார்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது அடுத்த வாரம். ரசாக்கும் அவளும் போனார்கள். உள்ளே திருமலைசாமி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க அம்மணி" என்று தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். காபி சொல்லிவிட்டார். அப்புறம் போலீஸ்காரர்கள் மாசாணியின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். கெமிக்கல் சப்ளை செய்து வரும் தாஜுன்னிசா என்பவர், இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் தண்ணீர் சீக்கிரம் தெளியும் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும், அதை நம்பியே தான் அவ்வாறு செய்ததாகவும் அதில் இருந்தது.

தாஜுன்னிசா காபியைத் தொடவில்லை. "மாசாணியா சொன்னா?" என்றாள்.

"அவளேதானுங்க" என்றார் திருமலைசாமி. "எனக்கே நம்ப முடியலீங்க அம்மணி. உங்க மேல நான் எவ்வளவு மரியாத வெச்சிருக்கறேன்னு உங்களுக்கே தெரியும். காபி ஆறுதுங்க, குடிங்க."

ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. அதுதான் அவளைத் திணறடித்தது. அந்த மனிதர் கையை ஓங்கிக்கொண்டு வந்திருந்தால் இவளும் வாயைத் திறந்திருப்பாள். காபி கொடுப்பவரை என்னவென்று திட்டுவது?

பேப்பரில் சேதி வந்தது. 'தனியார் நீச்சல்குளம்' என்று போட்டிருந்தார்கள். குளத்துக்குப் பெயர் இல்லை, முதலாளிக்குப் பெயர் இல்லை, மேனேஜருக்குப் பெயர் இல்லை. தாஜுன்னிசாவின் பெயர் மட்டும் இனிஷியலோடு, ஊரோடு, முழுசாக வந்திருந்தது. அந்தத் துண்டை யாரோ படம் பிடித்து, அவள் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, கீழே 'பேரைப் பாருங்கள்' என்று மட்டும் எழுதி வாட்ஸப்பில் விட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ரசாக்கின் போனுக்கும் வந்தது. ரசாக் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். "உக்கடத்துக்காரங்களுக்கு இதென்ன புதுசா?" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு குளமாகப் போயிற்று. எல்லாம் மரியாதையாகவே போயிற்று. "மேலிடத்துல யோசிக்கறாங்கம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றது பள்ளிக்கூடம். "இப்பெல்லாம் ஆன்லைன்லயே வந்துருதுங்க" என்றார்கள் அடுக்குமாடிக்காரர்கள். "உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்லீங்க. பசங்களக் கூட்டிட்டு வர்றவங்க கேக்கறாங்க, என்னங்க செய்ய?" என்றார் பொள்ளாச்சிக்காரர், சொல்லிவிட்டு வண்டிவரைக்கும் வந்து வழியனுப்பினார். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "நீ செஞ்சது தப்பு, இனி வராதே" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் அன்று நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள். கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். எடுத்துப்போன மருந்தைச் சோதித்ததில் என்ன தெரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது அவள் ஃபினாயில் கலக்கி விற்கிறாள். ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் சோப்பு ஆயில், பிளீச்சிங் பவுடர். அந்த வேலையில் அவளுக்கு மதிப்பில்லை. "இது வாசனையப் போட்டு மூக்க ஏமாத்தற பொழப்புங்க. கிருமி அது பாட்டுக்கு உக்காந்து சிரிச்சுட்டிருக்கும்" என்பாள், வாங்க வந்தவர்களிடமே. திருமலைசாமியைப் பற்றிக் கேட்டால் பேசுவாள். அவர் முதலாளி, தன் குளத்தைக் காப்பாற்றிக்கொண்டார், அதில் அதிசயமில்லை என்பாள். மாசாணியின் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒருமுறை ரசாக் மட்டும், "அவளும் என்ன பண்ணுவா, தாஜு" என்று தொடங்கினார். அன்று இரண்டு வேளை அடுப்பு பற்றவில்லை.

ஆடிக்காற்று சந்துக்குள் குப்பையைச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மாசாணி வந்தாள்.

தாஜுன்னிசா டிரம்மில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூச்சுத்தான் காதில் விழுந்தது. ஓட்டைத் துருத்தியை அழுத்துவதுபோல இழுத்து இழுத்து ஒரு சத்தம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தச் சந்து கூப்பிடு தூரம்தான். அதற்கே வழியில் எங்கெங்கோ உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறாள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு இரண்டும் ரவிக்கைக்கு வெளியே முட்டிக்கொண்டு நின்றன.

"பாயம்மா."

தாஜுன்னிசா உட்காரச் சொல்லவில்லை. மாசாணியே ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ரசாக், கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"உங்க மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியத இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு வந்தே?"

மாசாணி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அன்னிக்கு முதலாளி சொன்னாருங்க. ஆசுபத்திரிய நான் பாத்துக்கறேன், உம்மவனுக்கு வேலை போட்டுத் தர்றேன், நீ இப்படிச் சொல்லிப்போடுன்னு. எனக்குன்னு வேற யாருங்க இருந்தா?"

"எனக்கு யாரு இருந்தா, மாசாணி?"

டிரம்மில் குச்சி சுற்றியது.

"தீபக்தான் இப்ப அங்க மருந்து போடறானுங்க" என்றாள் மாசாணி கடைசியில். "மோட்டாருக்காரரு நின்னுட்டாரு. மருந்து இப்ப லாரில வருதுங்க. வர்றவன் எறக்கிப்போட்டு அவன் பாட்டுக்குப் போயர்றான். எதுக்கு எது, எப்படி எப்படின்னு ஒரு வார்த்த சொல்றதில்ல. ரெண்டும் மறுபடி அதே பம்ப் ரூம்புலதான் கெடக்குது. நான் சொன்னா, உனக்கென்னம்மா தெரியும், தெரிஞ்சா நீ ஏன் இப்படி ஆனேங்கறான். தெனமும் அவன் வேலைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. நீங்க அவனுக்கு ஒருக்காச் சொல்லிக்குடுத்துருங்க பாயம்மா."

தாஜுன்னிசா குச்சியை டிரம்மின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். முதல்முறையாக மாசாணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு போலீசுக்குச் சொன்னவ நீ. உம்மவனுக்கு இப்ப எதச் சொல்லட்டும்? நான் அன்னிக்குச் சொன்னதையா, நீ போலீசுக்குச் சொன்னதையா?"

மாசாணி வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. உடம்பு முழுவதும் பெட்டியின் மேல் குலுங்கியது. கண் பிதுங்கி, உதடு நீலம் பாரித்து, உயிர் போய்விடுமோ என்று தோன்றுகிற நேரத்தில் ஒரு மூச்சு உள்ளே போயிற்று. ரசாக் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார். தாஜுன்னிசா அந்த நுரையீரலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். அந்த மருந்து எதை எப்படித் தின்னும் என்று அவள் விரல்களுக்கே தெரியும்.

"போனப் போடு" என்றாள்.

மாசாணி மகனுக்குப் போட்டு நீட்டினாள். ஸ்பீக்கரில், "ஏம்மா, எங்கிருக்கற?" என்று ஒரு குரல்.

"உங்கம்மா இல்ல, கண்ணு. நான் உக்கடத்துல இருந்து தாஜுன்னிசா பேசறேன். அங்க குளத்துக்கு முன்னால மருந்து போட்டுட்டிருந்தேனே, நான்தான்."

அந்தப் பக்கம் பம்ப் ஓடுவதும் பிள்ளைகள் கத்துவதும் மட்டும் கேட்டன. பிறகு அவன் பேசினான். குரல் உயரவில்லை.

"எங்கம்மா படுத்துத் தூங்கி வருசத்துக்கு மேலாச்சுங்க. உக்காந்துட்டேதான் தூங்குது. அத இப்படிப் பண்ணிப்போட்டு, எங்கிட்ட இன்னும் என்னங்க பேசறீங்க?"

தாஜுன்னிசா மாசாணியைப் பார்த்தாள். மாசாணி தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மகனிடமும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் பொய் பேசவில்லை, நம்புகிறான். ஒரு வருஷமாக, தன் தாயின் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டு, உக்கடத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒரு பாயம்மாவை வெறுத்துக்கொண்டிருக்கிறான். மாசாணி குனிந்த தலையோடு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். சொல்லிவிடாதே என்றா, சொல்லிவிடு என்றா, தெரியவில்லை.

ஒரு வாக்கியம் போதும். உள்ளதைச் சொல்லிவிடலாம். அவன் நம்பப்போவதில்லை, நம்பாவிட்டாலும் கேட்கட்டும். தாஜுன்னிசாவுக்கு அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அதைக் கேட்ட நொடியில் அவன் போனை வைத்துவிடுவான். நாளைக் காலையில் பம்ப் ரூமுக்குள் போய் அந்தப் பக்கெட்டை எடுப்பான்.

"ஆமா, கண்ணு" என்றாள். "நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துப்போட்டேன். உங்கம்மா நான் சொன்னதத்தான் செஞ்சா. அதே தப்ப நீ செஞ்சறக் கூடாதுன்னுதான் கூப்புட்டேன். வெக்காம ஒரு நிமிசம் கேட்டுக்க."

அவன் வைக்கவில்லை.

ஆசிட்டையும் குளோரினையும் ஒரு கூரையின் கீழ் வைக்காதே என்றாள். இன்றைக்கே, போனை வைத்த கையோடு, ஆசிட்டைத் தூக்கி வெளியே வை. ஒன்றுக்கு எடுத்த மக்கை இன்னொன்றுக்கு எடுக்காதே. கழுவிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டும் எடுக்காதே. காலையில் ஒன்று போட்டால் மற்றது பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சாயங்காலம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. முதலாளி சொன்னாலும், மேனேஜர் சொன்னாலும், வாசலில் நூறு கார் வந்து நின்றாலும் அவசரம் என்று ஒன்று கிடையாது. மூக்கில் சுருக்கென்று ஏறினால் என்ன ஏது என்று பார்க்க நிற்காதே, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காற்று வரும் பக்கமாக ஓடு. குளங்களைப் பற்றிப் பேசி வந்த அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆரம்பத்தில் வெறும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன், பாதிக்கு மேல் 'ம்' கொட்டினான். கடைசியில், "சரிங்க" என்றான். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

வாசலிலிருந்து ரசாக் உள்ளே வந்தார். "இப்பெல்லாம் போனு தானாவே ரெக்கார்டு பண்ணிக்குது, தாஜு. நீயே உன் வாயால ஒத்துக்கிட்டேன்னு நாளைக்குக் கோர்ட்டுல போட்டுக் காட்டுவாங்க."

"காட்டட்டும்."

"யோசிச்சுத்தான் சொன்னியா?"

அவள் போனை மாசாணியிடம் நீட்டினாள். மாசாணி போனை வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் தாஜுன்னிசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்கு மூச்சு போதவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தாஜுன்னிசா உதறவில்லை. போனைப் பெட்டியின் மேல் வைத்தாள். தூங்கிவிட்ட குழந்தையின் பிடியை விலக்குகிறாற்போல, மெதுவாக, வலிக்காமல், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த கைகள் இரண்டையும் கொண்டுபோய் மாசாணியின் மடியிலேயே வைத்துவிட்டு, டிரம்மின் பக்கம் திரும்பிக் குச்சியை எடுத்தாள்.